கோட்டருகே ஒரு நாற்காலி

டிசம்பர் பிறந்துவிட்டால் நம் சங்கத்து அன்பர்கள் பலருக்கு மயிலாப்பூரும் சபாக் கச்சேரிகளும் கண்முன் வந்துவிடும். இரண்டு மாதம் முன்பே ரயிலுக்குப் பதிவு செய்துகொண்டு சென்னைக்குக் கிளம்பிவிடுவார்கள். நான் போவதில்லை. "உங்களுக்கு இங்கே அப்படி என்ன வேலை?" என்று கேட்காதவர்கள் இல்லை. வேலை ஒன்றும் இல்லை. எனக்கு டிசம்பர் என்றால் புல். பனி காய்ந்த புல்தரையில் யாரோ இரண்டு பிள்ளைகள் டென்னிஸ் ஆடுவதை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது. ஏறக்குறைய ஐம்பது குளிர்காலங்களாக இதைச் செய்து வருகிறேன்.

நான் தென்காசிப் பக்கம். டென்னிஸ் வீரர் ராமநாதன் கிருஷ்ணனின் குடும்பத்துக்கும் அதுவே பூர்வீகம். 1960, 1961 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் அவர் விம்பிள்டனில் அரையிறுதிவரை போனார். அதற்கு முன்பே 1954ல் அங்கே சிறுவர் பட்டம் வாங்கினார். 1979ல் அவர் மகன் ரமேஷும் அதே பட்டத்தை வாங்கினார். எங்கள் தெருவில் டென்னிஸ் மட்டையைக் கண்ணால் பார்த்தவர்கள் இருவர்கூடத் தேறமாட்டார்கள். ஆனாலும் கிருஷ்ணன் "நம்ம பையன்"தான். 1966 டிசம்பரில் இதே கல்கத்தாவில், சவுத் கிளப் புல்தரையில், பிரேசிலின் கோச்சிடம் நான்காவது செட்டில் 2-5 என்று தோற்கும் நிலையிலிருந்து மீண்டு, அந்த செட்டை 7-5 என்றும் ஐந்தாவதை 6-2 என்றும் ஜெயித்து, இந்தியாவை டேவிஸ் கோப்பையின் கடைசிச் சுற்றுக்குக் கொண்டுபோனார். அப்போது நான் பள்ளிக்கூடப் பையன். மறுநாள் பேப்பரைக் கடைக்காரர் உரக்கப் படிக்க, பத்துப் பேர் நின்று கேட்டோம்.

1973ல் வங்கி வேலைக்குக் கல்கத்தா வந்து லேக் மார்க்கெட் பக்கம் ஒரு மெஸ்ஸில் சேர்ந்தபோது, ஊரில் முதலில் தேடிப் போன இடம் காளிகோயில் இல்லை, சவுத் கிளப். (அம்மாவுக்கு எழுதிய கடிதத்தில் காளிகோயில் என்றே எழுதினேன்.) அடுத்த வருடம் மே மாதம் ஆஸ்திரேலியாவுடன் டேவிஸ் கோப்பை. மேலாளர் தயவில் இரட்டையர் ஆட்டத்துக்கு ஒரு டிக்கெட் கிடைத்தது. அந்த ஆட்டத்தை அமிர்தராஜ் சகோதரர்கள் விஜயும் ஆனந்தும் ஜெயிக்க 99 கேம் ஆனது. டேவிஸ் கோப்பையில் அப்போது டை-பிரேக் கிடையாது. 17-15, 16-18 என்றெல்லாம் செட்டுகள் நீளும். கல்கத்தா மே மாத வெயில் உங்களுக்குத் தெரியாததல்ல. 3-2 என்று இந்தியா ஜெயித்தது. பெரிய விஷயந்தான். ஆனால் எனக்குக் கிடைத்த இடம் உச்சிப் படிக்கட்டு. ஆட்டக்காரர்கள் கட்டைவிரல் உயரம் தெரிந்தார்கள். பந்து எங்கே விழுந்தது என்பதைக் கூட்டத்தின் கூச்சலை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அந்தக் குளிர்காலத்தில்தான் சின்னப் போட்டிகளின் ருசி பிடிபட்டது. மாநில அளவுப் போட்டி, சிறுவர் போட்டி, முதியோர் போட்டி, கிளப்புக்கும் கிளப்புக்கும் நடக்கும் போட்டி என்று டிசம்பரிலிருந்து பிப்ரவரிவரை ஏதாவது ஒன்று இருக்கும். டிக்கெட் கிடையாது. வாயிற்காவலரிடம் "கேலா தேக்தே எஷேச்சி" என்று என் தென்காசி வங்காளியில் சொல்வேன். சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார். பார்வையாளர் என்று பார்த்தால் ஆடுபவர்களின் அப்பா அம்மா, தோற்றுப்போய் ரயிலுக்குக் காத்திருக்கும் இரண்டொரு பையன்கள், வேலையற்ற நான். கோட்டிலிருந்து ஆறடியில் நாற்காலி. ஆட்டக்காரனின் மூச்சு கேட்கும். அவன் தன்னைத் தானே திட்டிக்கொள்வது எந்த மொழியில் என்று தெரியும். தமிழ் என்றால் எனக்கு அன்றைக்குப் பண்டிகை.

புல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1974 வரை உலகின் நான்கு பெரிய போட்டிகளில் மூன்று புல்லில் நடந்தன. அமெரிக்கா 1975ல் விட்டது, ஆஸ்திரேலியா 1988ல் விட்டது. மிச்சம் விம்பிள்டன் ஒன்றே. அங்கே ரை என்னும் சீமைப்புல்லை 8 மில்லிமீட்டர் உயரத்துக்கு வெட்டி வைக்கிறார்கள். நம் நாட்டில் பெரும்பாலும் அருகம்புல்தான். பிள்ளையாருக்குச் சாத்துகிறோமே, அதேதான். கல்கத்தா மாலிகள் அதைக் குழந்தையைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள். அதிகாலையில் பனியைத் துடைப்பார்கள், உருளையை இழுப்பார்கள், சுண்ணாம்புக் கோட்டைப் புதுப்பிப்பார்கள். ஈரம் காயாமல் ஆடவிட்டால் பையன் வழுக்கி விழுவான், தரையும் பிய்ந்துபோகும். ஆக ஒன்பதரை, பத்துக்கு முன் ஆட்டம் தொடங்காது. டிசம்பரில் ஐந்து மணிக்கு இருட்டிவிடும். இந்த ஏழு மணி நேரத்துக்குள் அன்றைய ஆட்டங்களை முடித்தாக வேண்டும். அதோடு குளிர்காலத்தில் அருகு வளராது, தூங்கும். சர்வீஸ் போடும் இடத்தில் முதல் இரண்டு நாளில் தேய்ந்தது தேய்ந்ததுதான். கடைசி நாள் இறுதியாட்டம் பாதிப் புல்லிலும் பாதி மண்ணிலுமாக நடக்கும்.

இதில் நம் ஊர்ப் பிள்ளைகளின் பாடுதான் வேடிக்கையும் வேதனையும். சென்னை, கோவை, மதுரை எங்கும் சிமென்ட் போன்ற கடினத் தரையில் பழகியவர்கள். அங்கே பந்து இடுப்புக்கு எழும்பும். புல்லில் விழுந்தால் எழும்பாது, முழங்காலுக்குக் கீழே வழுக்கிக்கொண்டு ஓடும். முதல் நாள் பாருங்கள், பையன் மட்டையை ஓங்கி நிற்பான், பந்து அடியில் போய்விடும். திரும்பித் தரையை முறைப்பான். புல்லுக்கென்று அடியில் பொடிப்பொடிக் குமிழ் வைத்த காலணி உண்டு. வருடத்தில் ஒரு வாரத்துக்காக அதை யார் வாங்குவார்கள்? வழுக்கிக்கொண்டே ஆடுவார்கள். முழங்காலை மடக்கவும், வலைக்கு ஓடவும், பந்து தரையைத் தொடுமுன் அடிக்கவும் யார் மூன்று நாளில் கற்றுக்கொள்கிறானோ அவன் நான்காம் நாளும் ஊரில் இருப்பான்.

அப்படிக் கற்றுக்கொண்ட ஒரு பையனைப் பற்றித்தான் இதை எழுத உட்கார்ந்தேன். சுற்றி வளைத்துவிட்டேன், மன்னிக்கவும்.

நான் ஓய்வு பெற்ற அடுத்த குளிர்காலம், 2011 ஜனவரி. சவுத் கிளப் அல்ல, ஊரின் வேறொரு கிளப், பெயர் வேண்டாம். பதினெட்டு வயதுக்குட்பட்டோர் போட்டி. திருநெல்வேலியிலிருந்து அப்பாவும் பிள்ளையும் வந்திருந்தார்கள். அப்பா ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுபவர். இரண்டாம் வகுப்பில் சென்னை வந்து, ரயில் மாறிக் கல்கத்தா. நான் பேசுவதைக் கேட்டதும், "அண்ணாச்சிக்கு எந்தூரு?" என்றார். அவ்வளவுதான். அன்று இரவே லாட்ஜைக் காலி செய்ய வைத்து வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். என் மனைவிக்கும் சந்தோஷம். எங்கள் பிள்ளைகள் இருவரும் பெங்களூர் போய் வீடு காலியாகக் கிடந்த நேரம். பையன் ஒன்பது தோசை சாப்பிட்டான். "மாமா, இந்தப் புல்லுல எப்படி ஆடுறது?" என்று கேட்டான். பந்தைத் தொட்டறியாத நான் கிருஷ்ணனின் ஆட்டத்தைப் பற்றி இரவு பதினொன்றுவரை பிரசங்கம் செய்தேன்.

முதல் இரண்டு சுற்றும் ஜெயித்தான். மூன்றாவது கால் இறுதி. எதிராளி சிலிகுரிப் பக்கத்துப் பையன், தனியாக வந்திருந்தான். ஒல்லி. மட்டைக்கு உறைகூட இல்லை, ஜோல்னாப்பையில் போட்டிருந்தான்.

இம்மாதிரிப் போட்டிகளில் கோட்டுக்குக் கோடு நடுவர் இருக்க முடியாது. மூன்று நான்கு கோர்ட்டுக்கு ஒருவர் சுற்றி வருவார். தன் பக்கம் விழும் பந்து உள்ளேயா வெளியேயா என்பதை ஆட்டக்காரனே சொல்ல வேண்டும். கோட்டைத் தொட்டால் உள்ளே. சந்தேகம் என்றால் பலன் எதிராளிக்கு. செம்மண் தரையாக இருந்தால் பந்து விழுந்த தடத்தைக் காட்டி வழக்காடலாம். புல்லில் தடம் பதியாது.

மூன்றாவது செட், 5-5. நம்மவன் சர்வீஸ், 30-40. சிலிகுரிப் பையன் வலைக்கு ஓடிவந்து பந்தைப் பக்கக்கோட்டை ஒட்டி வெட்டினான். என் காலுக்கு நேர் எதிரே விழுந்தது. சுண்ணாம்பு ஒரு சிட்டிகை பறந்ததை நான் பார்த்தேன். நம்மவன் விரலை உயர்த்தி "அவுட்" என்றான்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. அந்தப் பையன் வலையருகே நின்று நம்மவனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தது நானும் பையனின் அப்பாவும் மட்டுமே. சுற்று நடுவர் அப்போது கடைசிக் கோர்ட்டில் இருந்தார்.

பார்வையாளர் ஆட்டத்தில் குறுக்கிடக் கூடாது என்பது விதி. ஐம்பது வருட ரசிகன் எனக்கு அது தெரியாதா? நான் குனிந்து தெர்மாஸ் மூடியைத் திருகினேன். அன்று என்னைத் தடுத்தது விதிதான் என்று வெகுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவன் எங்கள் வீட்டில் தோசை சாப்பிட்ட பையன். எங்கள் ஊர்ப் பையன். "அவுட்" என்றதும் என் மனத்தில் முதலில் வந்தது நிம்மதி.

7-5 என்று ஜெயித்தான். கைகுலுக்கும்போது அந்தப் பையன் ஒன்றும் சொல்லவில்லை. ஜோல்னாப்பையை மாட்டிக்கொண்டு போனான். ஐந்து நிமிடம் கழித்து வாயில்வரை போய்ப் பார்த்தேன். ஆளைக் காணோம். பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்றும் தெரியவில்லை.

அன்றிரவு பையன் இரண்டு தோசையோடு எழுந்துவிட்டான். "உடம்பு அசதி" என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். நான் கிருஷ்ணன் கதை எதுவும் சொல்லவில்லை. சீக்கிரமே விளக்கை அணைத்துவிட்டோம்.

மறுநாள் அரையிறுதி. அதே நாற்காலி, அதே இடம். இரண்டாவது செட்டில் எதிராளி அடித்த ஒரு பந்து கோட்டுக்கு நான்கு விரற்கடை வெளியே விழுந்தது. இதற்குச் சுண்ணாம்பும் தேவையில்லை, யாருக்கும் தெரியும். நம்மவன் ஓடிப்போய் அதை எடுத்து ஆடினான். சற்று நேரத்தில் இன்னொன்று. அதையும் ஆடினான். எதிராளியே ஒரு கணம் திகைத்துப்போய் அவனைப் பார்த்தான். பக்கத்தில் அப்பா, "இவனுக்கு இன்னைக்குக் கண்ணு சரியில்லபோல, அண்ணாச்சி" என்றார். "இருக்கும்" என்றேன். 6-4, 6-3 என்று தோற்றான்.

ஹவுராவில் ரயிலேறும்போது பையன் என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். வழக்கமாக நான் இதற்கெல்லாம் விடமாட்டேன். அன்று விட்டேன். இப்போது அவன் வேறு ஊரில் சிறுவர்களுக்குப் பயிற்சி தருகிறான். பொங்கலுக்கு வாழ்த்து வரும். அந்தப் பந்தைப் பற்றி அவனும் பேசியதில்லை, நானும் பேசியதில்லை.

2019 பிப்ரவரியில் சவுத் கிளப்புக்கு மறுபடி டேவிஸ் கோப்பை வந்தது, இத்தாலியுடன். சென்னைப் பிள்ளைகள் ராம்குமாரும் பிரஜ்னேஷும் முதல் நாள் தோற்றார்கள். இந்தியாவுக்கு 3-1 என்று தோல்வி. அங்கே வந்த பெரெட்டினி இரண்டு வருடம் கழித்து விம்பிள்டன் இறுதியாட்டம் ஆடினான். போனேன், பார்த்தேன், கூட்டத்தோடு கத்தினேன். அங்கே ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு நடுவர். என் சாட்சியம் யாருக்கும் தேவைப்படவில்லை. நிம்மதியாக இருந்தது.

சின்னப் போட்டிகளுக்கு இன்னமும் போகிறேன். முழங்கால் வலிதான் தொந்தரவு. பலகையில் ஒட்டியிருக்கும் பெயர்ப் பட்டியலைக் கண்ணாடி மாற்றிப் போட்டுக்கொண்டு முதலில் படிப்பேன். முதலில் சிறுவர் பட்டியலில், பிறகு பெரியவர்கள் பட்டியலில் அந்தச் சிலிகுரிப் பெயரைப் பல வருடம் தேடினேன். இப்போது முப்பது தாண்டியிருப்பான். முதியோர் போட்டிகளில் முப்பத்தைந்து வயதுப் பிரிவு என்று ஒன்று உண்டு. அதற்கும் இன்னும் சில வருடம் இருக்கிறது. நாற்காலியை மட்டும் கோட்டுக்கு நேராகப் போடாமல், வலையின் பக்கம் தள்ளிப் போட்டுக்கொள்கிறேன்.

இந்தக் குளிர்காலத்தில் சென்னை போகாத அன்பர்கள் யாராவது இருந்தால் என்னுடன் வரலாம். காளிகாட்டில் மெட்ரோ ஏறினால் இரண்டாவது நிறுத்தம் நேதாஜி பவன், அங்கிருந்து உட்பர்ன் பார்க் நடை தூரம். பத்து மணிக்கு மேல் போதும், அதற்குமுன் புல் காயாது. தொப்பி கொண்டுவாருங்கள். காப்பி என் தெர்மாஸில் இருக்கும்.