செத்தவர் தொடுத்த வழக்கு

1921-ஆம் ஆண்டின் தொடக்கம். டாக்கா நகரின் ஆற்றங்கரையில் உடம்பெல்லாம் சாம்பல் பூசி, சடை வளர்த்த சாமியார் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பார்த்தவர்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாவால் ஜமீனின் இரண்டாவது குமாரர் ரமேந்திர நாராயண் ராய் ஜாடை அப்படியே இருந்தது. ஆனால் குமாரர் 1909 மே மாதமே டார்ஜிலிங்கில் இறந்து, கருமாதியும் முடிந்திருந்தது.

1921 மே 4 அன்று, ஊரார் கூடியிருந்த இடத்தில் 'நான்தான் குமாரர்' என்றார் சாமியார். அக்கா ஜோதிர்மயி தேவி அவரைத் தம்பியாகவே ஏற்றார். குடியானவர்கள் திரள் திரளாக வந்து காணிக்கை வைத்தார்கள். அரசாங்கமோ ஒரே மாதத்தில் அவரைப் போலி என்று அறிவித்துவிட்டது. மற்ற இரு சகோதரர்களும் வாரிசின்றி இறந்துபோயிருந்ததால், ஜமீன் அப்போது அரசின் 'கோர்ட் ஆஃப் வார்ட்ஸ்' பொறுப்பில் இருந்தது. சொத்தைக் கையில் வைத்திருந்தவர்களே உரிமையாளர் யார் என்றும் சொன்னார்கள். அந்த அறிவிப்பைச் சாமியார் தரப்பு நம்பாததில் வியப்பில்லை.

1930-இல் அவர் வழக்குத் தொடுத்தார். டார்ஜிலிங்கில் தனக்கு விஷம் கொடுக்கப்பட்டது. செத்ததாக நினைத்து இரவோடிரவாகச் சுடுகாட்டுக்குத் தூக்கிச் சென்றார்கள். புயல் மழை அடிக்கவே வந்தவர்கள் ஒதுங்கினார்கள். நாகா சாதுக்கள் தன்னைக் காப்பாற்றினார்கள். நினைவு தப்பி அவர்களோடு பல ஆண்டு அலைந்தேன் என்பது அவர் கதை. மறுநாள் காலை எரிக்கப்பட்டது வேறு பிணம் என்றார்கள் அவர் பக்கத்தார். குமாரர் நள்ளிரவில் இறந்தார், காலையில் முறைப்படி எரித்தோம் என்றது எதிர்த்தரப்பு. வந்திருப்பவர் பஞ்சாபைச் சேர்ந்த மால் சிங் என்பது அவர்கள் வாதம்.

நீதிபதி பன்னாலால் பாசு முன் 1,500-க்கும் மேற்பட்ட சாட்சிகள் வந்தார்கள். மரபணுச் சோதனை இல்லாத காலம். எனவே வாதியின் உடம்பே முக்கியச் சான்றாயிற்று. செதில் படர்ந்த பாதம், கணுக்காலில் இருந்த தழும்பு, கண்ணின் நிறம், காதின் வடிவம் என்று ஒவ்வொன்றையும் அலசினார்கள். பழைய புகைப்படங்களை வைத்துக்கொண்டு நிபுணர்கள் எதிரெதிராகச் சாட்சி சொன்னார்கள். வங்காளி ஜமீன்தாருக்கு வங்காளம் ஏன் தடுமாறுகிறது என்ற கேள்வி, எதிர்த்தரப்பின் கையில் இருந்த வலுவான ஆயுதம்.

இத்தனைக்கும் நடுவே, குமாரருடன் வாழ்ந்த மனைவி விபாவதி தேவி 'இவர் என் கணவர் அல்ல' என்று உறுதியாகச் சொன்னார். அவர் தம் அண்ணன் சத்தியேந்திரநாத்தின் பிடியில் இருந்தார் என்று நீதிபதி கருதினார். அண்ணன் மீதான சந்தேகத்துக்குக் காரணங்கள் இருந்திருக்கலாம். ஆனாலும், தழும்புகளுக்குக் கிடைத்த மதிப்பு அந்தப் பெண்ணின் சொல்லுக்குக் கிடைக்கவில்லை என்பது இன்று படிக்கையிலும் உறுத்துகிறது.

1936 ஆகஸ்டில் வாதியே குமாரர் என்று தீர்ப்பானது. கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் இரு வேறு முடிவுக்கு வந்தார்கள். மூன்றாமவரான காஸ்டெல்லோ விடுப்பில் இங்கிலாந்து போய், போர் மூண்டதால் திரும்ப முடியாமல் அங்கிருந்தே கருத்தை எழுதி அனுப்பினார். அது குமாரருக்குச் சாதகமாக அமைந்தது. விபாவதி லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1946 ஜூலை 30 அன்று அங்கேயும் தோற்றார். வென்றவரோ சில நாள்களிலேயே பக்கவாதம் தாக்கி இறந்துபோனார்.

இரண்டு கீழ் நீதிமன்றங்கள் ஒரே உண்மையை ஏற்றுக்கொண்ட பிறகு, தகுந்த காரணமின்றி அதை மறுபடி கிளறுவதில்லை என்ற மரபை வைத்தே லண்டன் நீதிபதிகள் மேல்முறையீட்டைத் தள்ளினார்கள். அந்த விதிக்கு மேற்கோளாக இந்திய நீதிமன்றங்கள் விபாவதி வழக்கை இன்றும் எடுத்தாள்கின்றன.