சாக்கடை மேல் ஒரு சந்தை

தெற்கு தில்லியில், ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு எதிரே, மூடிய சாக்கடை மேல் சந்தை போட்டால் யார் வருவார்கள்? 1994-ல் திறந்த தில்லி ஹாட்டுக்கு வந்தார்கள். கிராமத்துச் சந்தையை நகரத்துக்குக் கொண்டுவர நினைத்தவர் ஜெயா ஜெய்ட்லி. வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் பிரதீப் சச்தேவா. செங்கல் மேடைகள், தாழ்ந்த கூரைகள், மரநிழல். நாகாலாந்துப் பன்றிக்கறியும் ராஜஸ்தானின் தால்-பாட்டியும் ஒரே வளாகத்தில். எதுவும் வாங்காமலே அரை நாள் கழியும்.

ஆனால், நிஜமான சாமர்த்தியம் கட்டடத்தில் இல்லை. கைவினைஞர்களின் கடைகள் யாருக்கும் நிரந்தரமில்லை. 15 நாள்தான், பிறகு அடுத்தவர். சென்ற முறை கட்ச் எம்பிராய்டரி இருந்த இடத்தில் இந்த முறை மதுபனி ஓவியம். விலை பேசுபவர் செய்தவரே. 2025 ஏப்ரல் 30 இரவு தீப்பிடித்துப் பல கடைகள் எரிந்தபோது சாம்பலானதும் இப்படி ஊரிலிருந்து சுமந்துவந்த சரக்குதான்.

ஓட்டையும் இந்த முறையில்தான். கைவினைஞர் என்ற பெயரில் வியாபாரிகள் நுழைகிறார்கள் என்பது நெடுநாளைய புகார். ஒவ்வொரு தடவையும் அதே முகம், அதே மில் துணி என்றால் நுழைவுக் கட்டணம் எதற்கு? கூப்பிடு தூரத்தில் சரோஜினி நகர் இருக்கிறது. அங்கே டிக்கெட்டும் இல்லை.