செயின்ட் ஹெலினாவுக்கு விமானம் வந்த பிறகு

தென் அட்லாண்டிக் கடலில், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 1,900 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது செயின்ட் ஹெலினா. பரப்பளவு 122 சதுர கிலோமீட்டர், மக்கள் 4,400 சொச்சம். நெப்போலியனைச் சிறைவைத்த தீவு என்றால் பலருக்கும் நினைவு வரும். தப்பிக்க முடியாத தூரம் என்பதால்தான் பிரிட்டன் அவரை அங்கே கொண்டுபோய் வைத்தது. 1821-ல் அவர் இறந்ததும் அங்கேதான். அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டு ஆகியும் அந்தத் தூரம் பெரிதாகக் குறையவில்லை. கேப் டவுனிலிருந்து ஐந்து நாள் அஞ்சல் கப்பலில் போக வேண்டியிருந்தது. தலைநகர் ஜேம்ஸ்டவுன் கரையை ஒட்டிக் கப்பல் நிற்க வசதி கிடையாது. அலையில் ஏறி இறங்கும் படகிலிருந்து, மேலே தொங்கும் கயிற்றைப் பிடித்தபடி ஈரக் கற்படியில் கால் வைக்க வேண்டியிருந்தது. 2017 அக்டோபரில் ஜோகன்னஸ்பர்கிலிருந்து வாராந்திர விமானம் தொடங்கியது. அடுத்த ஆண்டே கப்பல் நின்றுபோனது. பிரிட்டன் 28.5 கோடி பவுண்ட் செலவிட்டு விமான நிலையம் கட்டியதற்குக் காரணம் உண்டு. சுற்றுலா வளர்ந்தால், தன் மானியத்தை நம்பியே தீவு காலம் தள்ள வேண்டியிருக்காது என்று அது கணக்குப் போட்டது.

இனி தீவின் இயல்பு கெட்டுவிடுமா என்ற கவலை எழுவது இயற்கைதான். ஐரோப்பியர், ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகள், சீனக் கூலிகள் ஆகியோரின் வழிவந்த மக்கள் அங்கே ஒன்றாகக் கலந்து வாழ்கிறார்கள். மசாலா போட்டு ஒரே பானையில் வேகவைக்கும் ‘ப்ளோ’ சோறு அவர்கள் வீட்டுச் சமையல். எதிரே வரும் காரில் யார் இருந்தாலும் கையசைப்பது வழக்கம். செல்போன் சேவையே 2015-ல்தான் வந்தது. ஆனால் இந்த நெருக்கத்தை இத்தனை காலமாக அரித்துவந்தது ஊரைவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கை. ஒரு காலத்தில் தீவின் பிழைப்பு ஃபிளாக்ஸ் என்னும் நார்ச்செடி. அஞ்சல் மூட்டை கட்டும் கயிற்றுக்கு அந்த நாரை வாங்கிவந்த பிரிட்டிஷ் அஞ்சல் துறை 1960-களில் செயற்கை நாருக்கு மாறியது. 1966-ல் தொழில் படுத்துவிட்டது. அசென்ஷன், ஃபாக்லாந்து தீவுகளுக்கு ஆட்கள் வேலை தேடிப் போனார்கள். 1981 சட்டம் பறித்த முழுக் குடியுரிமை 2002-ல் திரும்பக் கிடைத்ததும் பிரிட்டனுக்கும் போனார்கள். பல வீடுகளில் பிள்ளைகளை வளர்ப்பது தாத்தா பாட்டிதான். தனிமை காப்பாற்றியது என்று நாம் வெளியிலிருந்து மெச்சும் சமூகம், அந்தத் தனிமையாலேயே ஆளில்லாமல் போய்க்கொண்டிருந்தது. ஆகவே வருகிறவர்களின் தலையை எண்ணிச் சுற்றுலாவை எடைபோடுவதில் பயனில்லை. போனவர்கள் திரும்பிவர அது வழி செய்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

விமானமே வேண்டாம், தீவு இருந்தபடி இருக்கட்டும் என்பவர்களுக்கு 2002 வாக்கெடுப்பே பதில். வாக்களித்த தீவினரில் 71 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் விமான நிலையம் கேட்டார்கள். உயிருக்குப் போராடும் நோயாளியை வைத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தவர்கள் அவர்கள். அவர்களுடைய ஊரைக் கண்காட்சிப் பொருளாக வைத்திருக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை இருக்கிறது? இன்னொரு வாதம் நேர் எதிரானது: வருவதே சில ஆயிரம் பேர், இதில் என்ன கெடும்? நீண்ட காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 30,000 பேர் வரை வரலாம் என்று கணித்திருந்தார்கள். ஓடுபாதையில் திடீரெனத் திசை மாறும் காற்றால் 2016-ல் திறப்பு தள்ளிப்போனது, சிறிய விமானம்தான் இறங்க முடிந்தது, கணக்கும் பொய்த்தது. என்னைக் கேட்டால் இந்தத் தாமதம் தீவுக்குக் கிடைத்த நல்வாய்ப்பு. கூட்டம் வந்த பிறகு போடும் விதியை யாரும் மதிப்பதில்லை. உலகில் வேறெங்கும் இல்லாத நூற்றுக்கணக்கான பூச்சிகளும் செடிகளும் அங்கே உண்டு. அவற்றில் பல, டயானா சிகரத்தைச் சுற்றி எஞ்சியிருக்கும் சின்னஞ்சிறு மேகக் காட்டை நம்பியே வாழ்கின்றன. அங்கே பாதையை விட்டு விலகும் ஒவ்வொரு காலடியும் கணக்கில் வரும்.

தயாராகாமல் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ரூபர்ட்ஸ் பள்ளத்தாக்கு காட்டிவிட்டது. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்டு இறக்கப்பட்டு, கரையேறிய பின் இறந்த ஆப்பிரிக்கர்கள் சுமார் 8,000 பேர் அங்கே புதைக்கப்பட்டார்கள். விமான நிலையத்துக்குச் சாலை போடுவதற்காக 2008-ல் தோண்டியெடுத்த 325 பேரின் எலும்புகள் பல ஆண்டுகள் பெட்டிகளில் கிடந்து, 2022-ல்தான் மறுபடி மண்ணுக்குப் போயின. சாலைக்குக் கிடைத்த அவசரம் அந்த மனிதர்களுக்குக் கிடைக்கவில்லை என்பது வேதனை.

எனக்குள்ள பெரிய அச்சம், சுற்றுலா இன்னொரு நார்த்தொழிலாகிவிடுவது. 2020-ல் கொரோனா வந்ததும் வழக்கமான விமானம் நின்றது. ஈராண்டுக்கு விருந்தினர் வரவு ஏறக்குறைய நின்றுபோனது. எங்கோ எடுக்கும் முடிவு ஒரே நாளில் ஊரின் பிழைப்பை நிறுத்தும் என்பதைத் தீவு இரண்டாம் முறையாகக் கண்டது. 2023-ல் வேலைக்கு வந்த கடலடி இணையக் கேபிளை இதனால்தான் நான் விமானத்துக்கு இணையாக மதிக்கிறேன். ஊரில் இருந்தபடியே வெளியூர் வேலை பார்க்கும் இளைஞனுக்குச் சுற்றுலா ஒரு கூடுதல் வருமானம் மட்டுமே. விடுதியும் படகும் தீவினர் பெயரிலேயே இருக்கும்படி கடனும் நிலமும் முதலில் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். லண்டனில் வேலை பார்க்கும் மகள் தாயைப் பார்க்க வரக் கட்டுப்படியாகும் விமானக் கட்டணமும் வேண்டும். இன்று அந்தக் கட்டணம் பயணிக்கே அதிகம். அவளுக்கோ எட்டாத விலை.