எண்ணெய் எங்கே நின்றது?

ஒரு சிறிய ஜெட் படகு. இரண்டு முறை பெட்ரோல் நிரப்பி ஓட்டியாகிவிட்டது. ஆனால் எண்ணெய்த் தொட்டியில் மட்டம் கொஞ்சம்கூட இறங்கவில்லை. புகையும் முன்பைவிடக் குறைந்திருக்கிறது. எண்ணெய் மிச்சமாகிறது என்று மகிழ்ச்சி அடைவீர்களா? அந்தப் படகில் இருப்பது டூ-ஸ்ட்ரோக் இயந்திரம் என்றால், மகிழ்ச்சி வேண்டாம். உடனே இயந்திரத்தை நிறுத்துங்கள்.

காரணம் இதுதான். கார் இயந்திரத்தின் அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும். அது மேலே சென்று பாகங்களை நனைத்துவிட்டு மீண்டும் அடிக்கே வந்து சேரும். டூ-ஸ்ட்ரோக் இயந்திரத்தில் அப்படித் தேக்கி வைக்க இடமில்லை. பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் அடியிலுள்ள கிராங்க் அறைக்குள் நுழைந்து, அங்கிருந்துதான் சிலிண்டருக்குப் போகிறது. ஆகவே எண்ணெயும் அந்தக் கலவையோடு சேர்ந்தே வர வேண்டும். வழியில் பேரிங்குகளையும் சிலிண்டர் சுவரையும் நனைத்துவிட்டு, கடைசியில் எரிந்து வெளியேறும். பழைய யமஹா ஆர்எக்ஸ்-இசட் மோட்டார் சைக்கிளின் பின்னால் நீங்கள் பார்த்த நீலப் புகை அதுதான்.

போன எண்ணெய் திரும்பி வராது என்பதால், புது எண்ணெய் இடைவிடாமல் வந்துகொண்டே இருக்க வேண்டும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலப்பது. 50-க்கு 1 என்ற அளவில் கலந்தால், ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 20 மில்லிலிட்டர் எண்ணெய். மற்றொன்று, தனித் தொட்டியில் எண்ணெயை ஊற்றி, ஒரு சிறிய பம்ப் மூலம் செலுத்துவது. யமஹா நிறுவனம் 1964-இல் தன் மோட்டார் சைக்கிள்களில் ‘ஆட்டோலூப்’ என்ற பெயரில் இம்முறையைக் கொண்டுவந்தது. 1990-களில் வந்த பல ஜெட் படகுகளிலும் இத்தகைய பம்ப்தான் உள்ளது. இயந்திரமே அதைச் சுழற்றும். வேக விசையோடு ஒரு கேபிளால் இணைக்கப்பட்டிருப்பதால், வேகம் கூடும்போது எண்ணெயும் கூடும்.

அந்த எண்ணெய் நின்றுவிட்டால் என்ன ஆகும்? இயந்திரம் நிமிடத்துக்கு 6,000 முறை சுழல்கிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் பிஸ்டன் ஒரு விநாடியில் 100 முறை மேலும் கீழும் போய் வருகிறது. இடையில் எண்ணெய்ப் படலம் இல்லாவிட்டால் உலோகத்தோடு உலோகம் உரசிச் சூடேறும். அலுமினிய பிஸ்டன், இரும்புச் சுவரைவிட அதிகமாக விரிவடையும். மெல்லிய இடைவெளி மறைந்து, பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொள்ளும். ஜெட் படகைத் திருப்புவது பின்னால் பீய்ச்சப்படும் நீர்தான். இயந்திரம் நின்றால் நீரும் நிற்கும். படகைத் திருப்பவும் முடியாது.

இனி, கோளாறைத் தேடுவோம். கண்ட இடத்தில் கை வைக்காமல், எண்ணெய் போகும் வழியிலேயே நாமும் போக வேண்டும்.

முதலில் தொட்டி. எண்ணெய் இருக்கிறதா என்பதோடு, காற்று உள்ளே நுழையும் துளை திறந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கெட்டிப்பால் டின்னில் ஒரே ஒரு துளை போட்டால் பால் ஒழுங்காக வராது. இரண்டாவது துளை வேண்டும். இங்கும் அதே கதைதான். காற்று நுழையாவிட்டால் எண்ணெய் வெளியேறாது.

அடுத்து வடிகட்டியும் குழாயும். அழுக்கு அடைத்திருக்கலாம். பழைய குழாய் விறைத்து, நுண்ணிய வெடிப்பு விட்டிருக்கலாம். வெளியே எண்ணெய் சொட்டாவிட்டாலும், பம்ப் இழுக்கும்போது அந்த வெடிப்பு வழியே காற்று புகுந்துவிடும்.

காற்றுக் குமிழி அவ்வளவு ஆபத்தா? ஊசியில்லாத சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி, முனையை விரலால் மூடித் தண்டை அழுத்திப் பாருங்கள், அசையாது. காற்று நிரப்பி அழுத்தினால் உள்ளே போகும். பம்ப் ஒவ்வொரு தடவையும் தள்ளுவது மிகச் சிறிய அளவுதான். குமிழி இருந்தால் அந்தத் தள்ளல் காற்றைச் சுருக்குவதிலேயே வீணாகிவிடும். அதனால்தான் வடிகட்டியை மாற்றிய பிறகு, பம்பில் உள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழி இல்லாமல் எண்ணெய் வழியும்வரை காத்திருந்து இறுக்குகிறார்கள்.

மூன்றாவது பம்ப். அதன் நெம்புகோலிலும் உடலிலும் அடையாளக் கோடுகள் இருக்கும். கையேட்டில் சொன்னபடி அவை பொருந்தாவிட்டால் கேபிள் தளர்ந்திருக்கிறது என்று பொருள். வேகம் கூடும், எண்ணெய் கூடாது.

கடைசியாக, பம்பிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் செல்லும் மெல்லிய குழாய்கள். இங்கே ஒரு துப்பறியும் குறிப்பு. இரண்டு சிலிண்டர்களிலும் எண்ணெய்ப் பற்றாக்குறை என்றால், கோளாறு பொது வழியில், அதாவது தொட்டி, வடிகட்டி, பம்ப் ஆகியவற்றில் தேடப்பட வேண்டும். ஒன்றில் மட்டும் என்றால், அதற்குப் போகும் தனிக் குழாயையே முதலில் சந்தேகியுங்கள்.

சரிசெய்த பிறகு சோதிக்க வேண்டுமே! அனுபவமுள்ள மெக்கானிக்குகள் அப்போது பெட்ரோலிலும் 50-க்கு 1 எண்ணெய் கலந்துவிடுவார்கள். பம்ப் மீண்டும் ஏமாற்றினாலும் இயந்திரம் பிழைக்கும். எண்ணெய்த் தொட்டியில் ஒரு டேப்பை ஒட்டி மட்டத்தைக் குறித்துக்கொள்வார்கள். ஓட்டி முடித்ததும் மட்டம் இறங்கியிருந்தால்தான் பம்பை நம்புவார்கள்.

இதைத் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். படகின் இயந்திர அறையில் பெட்ரோல் ஆவி தேங்கும். மூடியைத் திறந்து காற்றாட விட்ட பிறகே வேலை தொடங்க வேண்டும். கரையில் குளிர்விக்கும் நீர் கிடைக்காது என்பதால், இயந்திரத்தை அங்கே நெடுநேரம் ஓட்டவும் கூடாது.

பிஸ்டன் பிடித்துக்கொள்ள எண்ணெய் மட்டுமே காரணமல்ல. குளிர்நீர் அடைப்பும், கலவையில் பெட்ரோல் குறைவதும் அதே சேதத்தைச் செய்யும். ஆகவே உடைந்த பிஸ்டனைப் பார்த்ததும் புதியதை வாங்க ஓடுவது அவசரப் புத்தி. பழையது ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்காமல் போட்டால், புதியதும் அதே வழியில்தான் போகும்.