மூன்று கால் பூதங்கள்

நன்னிலம். எந்தப் பக்கம் திரும்பினாலும் நெல் வயல். மலை இல்லை, குன்று இல்லை. கோயில், தென்னை மரம், செல்போன் கோபுரம். உயரமாகத் தெரிபவை இவைதான்.

அந்த வயல்வெளியில் ஒரு இரும்புப் பூதம் நடந்து வருகிறது என்று வைத்துக்கொள்வோம். தென்னையைவிட உயரம். மூன்று கால். கவிழ்த்து வைத்த அண்டாவைப்போலத் தலை. அதிலிருந்து தொங்குகிறது, பாம்புபோல் நெளியும் ஒரு கை!

பார்த்த பையன் எங்கே ஓடி ஒளிவான்? மலைக்குப் போக வேண்டும் என்றால் திருச்சியையும் தாண்டிப் பச்சைமலைக்கோ கொல்லிமலைக்கோ அல்லவா போக வேண்டும்!

அப்படி மலையைத் தேடி ஓடிய பையனின் கதைதான் "தி ஒயிட் மவுண்டன்ஸ்". "வெள்ளை மலைகள்" என்று பொருள். 1967இல் வெளிவந்த ஆங்கில நாவல். எழுதியவர் இங்கிலாந்துக்காரரான ஜான் கிறிஸ்டபர். அவருடைய சொந்தப் பெயர் சாம் யூட். சிறுவர் சிறுமியருக்காக எழுதிய கதை. ஆனால் பெரியவர்களும் கீழே வைக்க மாட்டார்கள்.

தலையில் ஒரு வலை

அவன் பெயர் வில் பார்க்கர். வயது 13. தகப்பனார் மாவு ஆலை நடத்துகிறார்.

காலமோ எதிர்காலம். ஆனால் ரெயில் யந்திரம் இல்லை. மோட்டார் இல்லை. ஊரில் ஒழுங்காக ஓடும் கடிகாரங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பெரிய நகரங்கள் எல்லாம் இடிந்து காடாகக் கிடக்கின்றன.

காரணம், வேறு உலகத்திலிருந்து வந்த கூட்டம். மூன்று கால் யந்திரங்களில் ஏறி அவர்கள் உலகை ஆளுகிறார்கள்.

பையனுக்கோ பெண்ணுக்கோ 14 வயது ஆனதும் ஒரு விழா. ஊரே கூடும். விருந்து நடக்கும். பூதம் வந்து பிள்ளையைத் தூக்கித் தன் வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளும். திருப்பி இறக்கும்போது தலை மொட்டை. மண்டையோடு ஒட்டி ஒரு உலோக வலை. அதைத்தான் "தொப்பி" என்கிறார்கள்.

பெற்றவர்கள் அழுவார்கள் என்று நினைப்பீர்கள். இல்லை! ஆனந்தப்படுகிறார்கள். அவர்கள் தலையிலும் அதே தொப்பிதானே!

தொப்பி போட்டவன் கை கால் சுகமாக இருப்பான். வேலை செய்வான். சிரிப்பான். சண்டைக்குப் போக மாட்டான். ஆனால் "ஏன்?" என்று மட்டும் கேட்க மாட்டான். நேற்றுவரை வில்லோடு சேர்ந்து ஆயிரம் கேள்வி கேட்ட தோழன், தொப்பி போட்ட மறுநாள் வேறு ஆளாக வந்து நிற்கிறான். அந்த இடம் ஒன்றே போதும், இந்த எழுத்தாளரின் திறமையைச் சொல்ல.

மாளிகையில் மயக்கம்

தெற்கே பனி மூடிய மலையில், தொப்பி போடாத மனிதர்கள் இருப்பதாக ஒரு நாடோடி சொல்கிறான். வில் கிளம்புகிறான். உறவுப் பையன் ஹென்றியும் சேர்ந்துகொள்கிறான். கடல் கடந்ததும் மூன்றாவதாக ஒரு பையன் வருகிறான். தானே மூக்குக் கண்ணாடி செய்து போட்டுக்கொண்ட கெட்டிக்காரன்!

வழியில் வில்லுக்குக் கடுங் காய்ச்சல். ஒரு மாளிகையில் வைத்துக் காப்பாற்றுகிறார்கள். அந்த வீட்டு அம்மாள் அவனைத் தன் பிள்ளையாகவே இருந்துவிடச் சொல்கிறாள். அங்கே எலோயிஸ் என்ற அன்பான பெண்ணும் இருக்கிறாள். நல்ல சாப்பாடு, மெத்தை, குதிரை. மலைக்குப் போனால் பட்டினியும் குளிரும்.

வில்லின் மனம் தடுமாறுகிறது. தொப்பி போட்டுக்கொண்டால்தான் என்ன என்றுகூட நினைத்துவிடுகிறான்! மற்றக் கதைகளில் வீரப்பிள்ளை ஒருநாளும் சபலப்பட மாட்டான். இவன் சபலப்படுகிறான். ஆகவே நம்ப முடிகிறது.

எலோயிஸ் தலையில் எப்போதும் துணி கட்டியிருப்பாள். ஒருநாள் அவன் விளையாட்டாக அதை இழுக்கிறான். உள்ளே தொப்பி!

எங்கே இடிக்கிறது?

இந்தக் கதைக்கு மேலும் இரண்டு பாகங்கள் 1967, 1968ஆம் ஆண்டுகளில் வந்தன. மூன்றையும் படித்தால் குறைகளும் தெரிகின்றன.

முதல் குறை, பெண்கள். போராடுகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். எலோயிஸ் ஒருத்திதான் மனதில் நிற்கிற பெண். அவளும் பூதங்களுக்குச் சேவை செய்யப் போகிறாள், அதுவும் சந்தோஷமாக! இரண்டாம் பாகத்தில் அவளுடைய உயிரற்ற உடலை அழகுப் பொருளாக வைத்திருப்பதை வில் பார்க்கிறான். கல்லும் கரையும் இடம்தான். இருந்தாலும், படிக்கிற பெண் பிள்ளைக்கு, "நமக்கு இந்தக் கதையில் வேலையே இல்லையா?" என்று தோன்றாதா?

இரண்டாவது, எதிரியின் பலவீனம். உலகையே ஆண்ட கூட்டம், குடிதண்ணீரில் சாராயம் கலந்ததும் சுருண்டு விழுந்துவிடுகிறது! சிரிப்பு வருகிறது. எச். ஜி. வெல்சின் 1898ஆம் ஆண்டு நாவலிலும் மூன்று கால் யந்திரங்கள்தான். அங்கே கிருமிகளால் எதிரி சாகிறான். கிறிஸ்டபர் வெல்சுக்குக் கடன்பட்டவர் என்பதில் சந்தேகமில்லை.

மூன்றாவது பெரிய கேள்வி. விமானமும் பீரங்கியும் வைத்திருந்த மனிதர்களை இந்த மூன்று கால் யந்திரங்கள் எப்படி ஜெயித்தன? கிறிஸ்டபர் 1988இல் தனிப் புத்தகமே எழுதிப் பதில் சொன்னார். முதலில் வந்த பூதங்களை ராணுவம் சுலபமாக நொறுக்கிவிடுகிறது. அப்புறம் வருகிறது ஒரு டெலிவிஷன் நிகழ்ச்சி! அதைப் பார்த்துப் பார்த்து மயங்கியவர்கள், தாங்களாகவே தொப்பிக்குத் தலை நீட்டுகிறார்கள்.

தமிழுக்கு வேற்றுலகத்தார் புதிதல்ல. 1963இல் எம்.ஜி.ஆர்., பானுமதி நடித்த "கலை அரசி" படம் வந்தது. அதில் வருகிறவர்களுக்கு விஞ்ஞானம் தெரியும், பாட்டுத் தெரியாது. பாடத் தெரிந்த பெண்ணைத் தூக்கிப் போகிறார்கள்! பாட்டு வேண்டுமானால் சங்கீத மும்மூர்த்திகள் பிறந்த திருவாரூரில் அல்லவா இறங்கியிருக்க வேண்டும்?

வெற்றிக்குப் பிறகு

கடைசிப் பாகத்தில் பூதங்களின் மூன்று நகரங்களும் அழிகின்றன. கடைசி நகரத்தைத் தகர்க்கும்போது ஹென்றி, வெடிகுண்டு உருண்டு ஓடிவிடாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு உயிர் விடுகிறான்.

மனிதர்கள் விடுதலை அடைகிறார்கள். எல்லா நாட்டாரும் ஒரு மாநாட்டில் கூடுகிறார்கள். கூடிய உடனே சண்டை! என் நாடு, உன் நாடு என்று கூச்சல். போராட்டத்தை நடத்திய கிழத் தலைவரையே பதவியிலிருந்து இறக்கிவிடுகிறார்கள்.

ஊர் ஊராகச் சுற்றிப் பார்க்க ஆசைப்பட்ட வில், அந்த ஆசையை மூட்டை கட்டி வைக்கிறான். மிஞ்சிய தோழர்களோடு சேர்ந்து, சண்டை போடுகிறவர்களைச் சமாதானப்படுத்தக் கிளம்புகிறான்.