270 என்றால் எந்தப் பக்கத்துக் காற்று?

சேவுகம்பட்டிப் பக்கம் ஆடி மாதம் மேகாத்து அடிக்கத் தொடங்கினால், வாழைக்கு முட்டுக் கொடுக்கும் வேலையும் தொடங்கிவிடும். அப்படியொரு நாளில் எட்டாம் வகுப்புக்கு வானிலை பற்றி நடத்திக்கொண்டிருந்தேன். பாடநூலுக்கு வெளியே ஏதாவது காட்டலாமே என்று, விமானிகளுக்காக வெளியிடப்படும் வானிலை அறிக்கையின் மாதிரி ஒன்றைக் கரும்பலகையில் எழுதினேன்:

வி.ஓ.எம்.டி. 150330 இசட் 27012 கே.டி. 6000 எஸ்.சி.டி. 020 30/22 கியூ 1008

"270 டிகிரி என்றால் மேற்கு. ஆகவே காற்று மேற்கு நோக்கி வீசுகிறது" என்று சொல்லி அம்புக்குறியும் போட்டேன். ஒரு மாணவி எழுந்தாள். "மேகாத்துக்கு எங்க தோட்டத்து வாழை கெழக்காலதான சார் சாயுது?" என்றாள்.

தவறு என்னுடையதுதான். வானிலை அறிக்கையில் காற்றின் திசை என்பது, காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசை. தமிழில் காற்றுக்கு வைத்த பெயர்களும் அப்படித்தான்: வடக்கிலிருந்து வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கோடை.

இந்தத் தவறு மாணவருக்கு ஒரு மதிப்பெண்ணோடு போய்விடும், விமானிக்கு அப்படியல்ல. மதுரை விமான நிலைய ஓடுபாதை கிழக்கு மேற்காக அமைந்தது. அதன் எண்கள் 09, 27. பத்தால் பெருக்கினால் விமானம் நோக்கிச் செல்லும் திசை கிடைக்கும். பொதுவாக விமானம் எதிர்காற்றில் இறங்குவதே பாதுகாப்பு. 130 நாட் வேகத்தில் வரும் விமானம் 12 நாட் எதிர்காற்றில் இறங்கினால், தரையைப் பொறுத்து அதன் வேகம் 118 நாட். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 142 நாட். இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; ஆகவே பிரேக் அடக்கவேண்டிய ஆற்றல் சுமார் 1.45 மடங்காகும். ஓடுபாதை போதாமல் போகலாம்.

மற்ற பகுதிகளையும் படிப்போம்.

• வி.ஓ.எம்.டி.: மதுரை விமான நிலையத்தின் பன்னாட்டுக் குறியீடு.
• 150330 இசட்: 15ஆம் தேதி, உலகப் பொது நேரம் 03.30. ஐந்தரை மணி கூட்டினால் நமக்குக் காலை 9 மணி.
• 27012 கே.டி.: 270 டிகிரியிலிருந்து 12 நாட் காற்று, மணிக்குச் சுமார் 22 கி.மீ.
• 6000: பார்வைக்கு எட்டும் தொலைவு, மீட்டரில்.
• எஸ்.சி.டி. 020: வானத்தை எட்டுப் பங்காக்கினால் மூன்று அல்லது நான்கு பங்கு மேகம், அதன் அடிப்பகுதி 2000 அடி உயரத்தில்.
• 30/22: வெப்பநிலையும் பனிநிலையும், செல்சியஸில். இரண்டும் நெருங்கினால் மூடுபனிக்கு வாய்ப்பு.
• கியூ 1008: காற்றழுத்தம், ஹெக்டோபாஸ்கலில். விமானி உயரமானியை இதற்கேற்பத் திருத்திக்கொள்வார்.

வானிலை வரைபடத்திலும் இதே விதிதான். நிலையத்தைக் குறிக்கும் வட்டத்திலிருந்து, காற்று வரும் திசையை நோக்கி ஒரு கோடு நீளும். அதன் நுனியில் அரைச் சிறகு 5 நாட், முழுச் சிறகு 10 நாட், முக்கோணம் 50 நாட்.

வகுப்பில் செய்து பார்க்கலாம். ஒரு குச்சியில் ரிப்பனைக் கட்டி, திசைகாட்டியுடன் மைதானத்தில் நிற்கச் சொல்லுங்கள். ரிப்பன் பறக்கும் பக்கத்துக்கு நேர் எதிர்ப்பக்கத்தை டிகிரியில் எழுதச் செய்யுங்கள். ஒரு வாரம் தொடர்ந்தால் வகுப்புக்கென்று ஒரு காற்று அட்டவணை கிடைத்துவிடும்.

அன்று நான் போட்ட அம்புக்குறியை அந்த மாணவியையே அழித்து வரையச் சொன்னேன். இப்போதெல்லாம் இந்தப் பாடத்தை வாழை சாயும் பக்கத்தைக் கேட்டுத்தான் தொடங்குகிறேன்.