உங்களுக்குத் தெரியுமா? ஜப்பானில் விருந்தாளிக்கே முதல் குளியல்!

ஜப்பானியர் வீட்டில் இரவு தங்கினால், குளியல் தொட்டியில் முதலில் இறங்கச் சொல்வது பெரும்பாலும் விருந்தாளியைத்தான். அது பெரிய மரியாதை. ஏனென்றால், சுமார் 40 டிகிரி செல்சியஸ் சூட்டில் நிரப்பிய அதே தண்ணீரில்தான் பிறகு வீட்டார் ஒவ்வொருவராக இறங்குவார்கள். அதனால் தொட்டிக்கு வெளியே குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை போக உடம்பை நன்றாக அலசிய பிறகே உள்ளே இறங்க வேண்டும். அழுக்குப் போக்க அல்ல, அலுப்புத் தீரத்தான் அந்த வெந்நீர். சூடு ஆறாமலிருக்கத் தொட்டிக்கு மூடியும் உண்டு. மிஞ்சிய நீரைப் பல வீடுகளில் சிறு பம்பு வைத்துச் சலவை இயந்திரத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். எவ்வளவு அருமையான சிக்கனம்! நீங்கள் அங்கே தங்க நேர்ந்தால், குளித்து முடித்ததும் தண்ணீரைத் திறந்து விட்டுவிடாதீர்கள்; மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள்.